நீச்சல் குள பம்ப் ஒழுகுகிறதா? கழற்றிப் பார்க்காமல் புதுசு வாங்காதீர்கள்

பம்புக்கு அடியில் தண்ணீர் தேங்கி நிற்கும் படம் ஒன்று அப்பார்ட்மென்ட் வாட்ஸ்ஆப் குரூப்பில் வந்தால், கூடவே புது பம்புக்கான கொட்டேஷனும் வந்துவிடுகிறது. குளத்தைப் பராமரிக்கும் கான்ட்ராக்டருக்கு அது சுலபமான வழி. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிட்டால் கொஞ்ச காலத்துக்கு யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். அசோசியேஷனுக்கோ அது பல பத்தாயிரம் ரூபாய் செலவு. அந்தப் பம்ப் ஓர் ஓ-ரிங்கிலோ (ரப்பர் வளையம்), சில நூறு ரூபாயில் தொடங்கும் மெக்கானிக்கல் சீலிலோ (ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீர் வராமல் தடுப்பது) சரியாகியிருக்கலாம்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. "சொட்டு சொட்டாத்தான் சார் வருது, ஓடுற வரைக்கும் ஓடட்டும்" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவார்கள். பிறகு சீலை மட்டும் மாற்றுவார்கள். அதற்குள் தண்ணீர் மோட்டாரின் முன் பேரிங்கைத் தின்றிருக்கும். ஷாஃப்ட் (மோட்டாரின் சுழலும் தண்டு) ஆடும், புது சீலும் சில வாரங்களில் போய்விடும். "சீல் மாத்தியும் நிக்கல, பம்பையே மாத்தணும்" என்ற முடிவு இப்படித்தான் வருகிறது.

ஆகவே எவ்வளவு ஒழுகுகிறது என்பதை ஓரமாக வையுங்கள். எங்கிருந்து ஒழுகுகிறது, அந்தத் தண்ணீர் மோட்டார் வரை போய்விட்டதா, இந்த இரண்டையும் பார்த்தால் சரி செய்வதா மாற்றுவதா என்பதற்குப் பெரும்பாலும் பதில் கிடைத்துவிடும். இங்கே சொல்வதெல்லாம் அப்பார்ட்மென்ட்களிலும் சிறிய ரிசார்ட்களிலும் வழக்கமாக இருக்கும் பம்ப் பற்றியது: முன்னால் குப்பைக் கூடையும் கண்ணாடி மூடியும், நடுவில் பிளாஸ்டிக் உடலுக்குள் இம்பெல்லர் (தண்ணீரைத் தள்ளும் சுழல் சக்கரம்), பின்னால் மோட்டார், 1 முதல் 3 எச்.பி. வரை.

எங்கே ஒழுகுகிறது?

பம்பை நிறுத்தி, ஸ்டார்ட்டரில் மட்டும் அல்லாமல் எம்.சி.பி.யையும் இறக்கிவிடுங்கள். பழைய துணியால் மூடி, உடல், மோட்டாரின் முன்பக்கம், பைப் இணைப்புகள் எல்லாவற்றையும் ஈரம் போகத் துடையுங்கள். அடியில் உலர்ந்த செய்தித்தாளை விரியுங்கள். பம்ப் நின்றிருக்கும்போது கால் மணி நேரம், ஓடும்போது கால் மணி நேரம் டார்ச் அடித்துப் பாருங்கள். இதைச் செய்யாமல் "சீல் போயிடுச்சு" என்று சொல்லும் யாரையும் நம்ப வேண்டாம். ஃபில்டரின் தண்ணீர்ப் பாதையை மாற்றும் மல்டிபோர்ட் வால்வில் கசியும் தண்ணீர் பைப் வழியாகவே இறங்கிவந்து பம்பின் அடியில் தேங்கும். பழி பம்பின் மேல் விழும்.

சென்னை அப்பார்ட்மென்ட்களில் பம்ப் ரூம் பெரும்பாலும் குளத்தின் நீர்மட்டத்துக்குக் கீழே, பேஸ்மென்ட்டில் இருக்கும். அதனால் பம்ப் நின்றிருந்தாலும் குளத்துத் தண்ணீர் அதை அழுத்திக்கொண்டே இருக்கும். இந்த அமைப்பில், நின்றால் ஒழுகி, ஓடினால் குறைகிறது அல்லது நிற்கிறது என்றால் கோளாறு உறிஞ்சும் பக்கத்தில்: மூடி, மூடியின் ஓ-ரிங், வடிகால் பிளக், சக்‌ஷன் யூனியன் (கழற்றி மாட்டும் பைப் இணைப்பு). ஓடும்போது அதே ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போகும். கண்ணாடி மூடிக்குள் குமிழிகள் சுழலும், தண்ணீர் குளத்துக்குத் திரும்பும் இன்லெட்டிலும் குமிழி வரும். ஓடும்போது மட்டும் பீய்ச்சினால் தண்ணீர் வெளியேறும் டெலிவரி பக்கத்து யூனியன் அல்லது திரெட் (திருகு மரை). பம்ப் தரைமட்டத்தில், நீர்மட்டத்துக்கு மேலே இருந்தால் உறிஞ்சும் பக்கத்து ஓட்டை வெளியே அதிகம் ஒழுகாது. நிறுத்தியதும் தண்ணீர் குளத்துக்கே இறங்கிவிடும், காலையில் பிரைமிங் எடுக்காது, அதாவது பம்ப் தண்ணீரை உறிஞ்சத் தொடங்காது.

இம்பெல்லர் உடலுக்கும் மோட்டாருக்கும் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கும். அங்கேதான் ஷாஃப்ட் தெரியும், அடியில் ஒரு துளையும் இருக்கும். ஷாஃப்டைச் சுற்றித் தண்ணீர் வந்து அந்தத் துளை வழியாகச் சொட்டினால் மெக்கானிக்கல் சீல் போயிருக்கிறது. சுற்றளவில் உள்ள போல்ட்டுகள் பக்கமோ கிளாம்ப் பக்கமோ நனைந்திருந்தால் அது சீல் பிளேட்டின் (சீலைத் தாங்கும் தட்டு) பெரிய ஓ-ரிங். இரண்டும் அடியில் ஒரே இடத்தில்தான் சொட்டும். மேலே டார்ச் அடித்து எங்கே முதலில் நனைகிறது என்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "பம்ப் ஒழுகுறதாலதான் குளத்துல தண்ணி குறையுது" என்று சொல்வார்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 20 லிட்டர். 10 மீட்டருக்கு 5 மீட்டர் குளத்தில் அது அரை மி.மீ.கூட இல்லை. அதே குளம் நாளைக்கு 25 மி.மீ. இறங்கினால் போவது 1,250 லிட்டர். அந்த அளவு தண்ணீர் பம்பில் ஒழுகினால் பம்ப் ரூமில் கால் வைக்க முடியாது. வெயில் காலத்தில் சில மி.மீ. ஆவியாகத்தான் செய்யும். மீதிக்கு டைல்ஸ் இடுக்கையும், லைட் பொருத்திய இடத்தையும், மண்ணுக்குள் போகும் பைப்பையும், ஃபில்டரைக் கழுவிய தண்ணீர் வெளியேறும் பேக்வாஷ் லைனில் சத்தமில்லாமல் ஓடும் தண்ணீரையும் தேட வேண்டும். இதற்காகப் பம்பை மாற்றினால் நீர்மட்டம் இறங்குவது நிற்காது.

உடனே முடிகிற வேலைகள்

மூடி ஓ-ரிங்கைக் கழற்றித் துடைத்து, விரலில் உருட்டிப் பாருங்கள். தட்டையாகியிருந்தாலோ வெடிப்பு தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். அது உட்காரும் பள்ளத்தில் ஒரு மணல் துகளோ தலைமுடியோ இருந்தாலும் ஒழுகும். சிலிகான் கிரீஸ் மெல்லியதாகத் தடவினால் போதும். வாசலின், வண்டிக்குப் போடும் கிரீஸ், எண்ணெய் எதுவும் வேண்டாம். பல ஓ-ரிங்குகள் ஈ.பி.டி.எம். ரப்பரில் வருகின்றன, பெட்ரோலியப் பொருள் பட்டால் அவை ஊதிக் கெட்டுவிடும். மூடியைக் கையால் இறுக்குங்கள், ஸ்பேனர் போட்டுத் திருகினால் மூடியே விரிசல் விட்டுவிடும்.

வடிகால் பிளக்குக்கும் ஒரு சின்ன ஓ-ரிங் உண்டு. யூனியனிலும் அப்படியே. யூனியனுக்கு டெஃப்லான் டேப் சுற்றுவது வீண், அங்கே தண்ணீரைத் தடுப்பது ஓ-ரிங்தான், திரெட் அல்ல.

டெலிவரி திரெட்டில் ஒழுகுவதை அலட்சியமாகப் பார்க்காதீர்கள். பம்ப் எப்போதோ தண்ணீர் இல்லாமலோ வால்வு மூடியபடியோ ஓடியிருக்கிறது என்பதற்கு அது சாட்சியாக இருக்கலாம். உள்ளே சிக்கிய தண்ணீர் கொதிக்கும் அளவுக்குச் சூடாகி, பி.வி.சி. அடாப்டரின் திரெட்டைச் சுருக்கிவிடும். அதன்பின் எத்தனை சுற்று டேப் சுற்றினாலும் நிற்காது, அடாப்டரையே மாற்ற வேண்டும். புதியதற்குத் திரெட்டின் திசையிலேயே 4 அல்லது 5 சுற்று டேப் போதும். பிளாஸ்டிக் பம்பின் உள் திரெட்டில் ஜி.ஐ. (இரும்பு) நிப்பிளைப் போட்டு இறுக்குவது வாயைப் பிளந்துவிடும். அப்படிப் பிளந்த உடலை ஒட்ட முடியாது.

உடல் பிளக்காதவரை, இந்த அளவில் உள்ள எந்தக் கோளாறுக்காகவும் பம்பை மாற்றத் தேவையில்லை.

மெக்கானிக்கல் சீல்

சுழலும் ஷாஃப்ட் பிளாஸ்டிக் உடலுக்குள் நுழையும் இடத்தில் தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது இதுதான். இரண்டு பாதிகள். ஒன்றில் செராமிக் வளையம், ரப்பர் கப்பில் உட்கார்ந்திருக்கும். மற்றதில் ஸ்பிரிங்கோடு கார்பன் வளையம். ஒன்று அசையாமல் நிற்க, மற்றது ஷாஃப்டோடு சுழலும். இரண்டும் முகத்தோடு முகம் அழுந்தி, நடுவில் ஒரு மெல்லிய நீர்ப்படலத்தின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடும். அந்தப் படலம்தான் அதற்குக் குளிர்ச்சியும் வழுவழுப்பும் தருகிறது. தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் கொஞ்ச நேரத்திலேயே முகம் கருகிவிடும்.

கழற்றிய பழைய சீலைத் தூக்கிப் போடாதீர்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் ஏன் போனது என்று அதுவே காட்டும். செராமிக்கில் நடுவிலிருந்து ஓரத்துக்குக் கதிர் கதிராக முடி போன்ற விரிசல்கள் இருந்தால், சூடான பின் திடீரெனக் குளிர்ந்திருக்கிறது: ஸ்கிம்மர் (குளத்தின் மேல்மட்டத் தண்ணீரை இழுக்கும் வாய்) அடைத்தோ, நீர்மட்டம் ஸ்கிம்மர் வாய்க்குக் கீழே போயோ பம்ப் வறட்சியாக ஓடி, மறுபடி தண்ணீர் பாய்ந்திருக்கும். கார்பன் முகத்தில் கிராமபோன் தட்டு மாதிரி வட்ட வட்டக் கீறல்கள் இருந்தால் மணல் வந்திருக்கிறது. மணல் ஃபில்டருக்குப் பின்னால்தானே இருக்கிறது என்று கேட்கலாம். மணல் குளத்தில் இறங்கி, அங்கிருந்து பம்புக்குத் திரும்பி வருகிறது என்றால் ஃபில்டருக்குள் லேட்டரல் (மணலை நிறுத்தித் தண்ணீரை மட்டும் விடும் குழாய்) உடைந்திருக்கக்கூடும். அதைப் பார்க்காமல் சீல் மாற்றுவதில் பயனில்லை. ஸ்பிரிங்கைச் சுற்றி வெள்ளைக் கட்டி படிந்திருந்தால் போர்வெல் அல்லது டேங்கர் தண்ணீரின் கடினத்தன்மை. ஸ்பிரிங் இறுகிப்போய் முகத்தை அழுத்த முடியாமல் விட்டிருக்கும். ரப்பர் விறைத்து நொறுங்கினால் குளோரின், அமிலம். டி.சி.சி.ஏ. எனும் குளோரின் மாத்திரைகளை ஸ்கிம்மர் கூடையில் போடும் பழக்கம் இருந்தால், பம்ப் நிற்கும் நேரமெல்லாம் அமிலத்தன்மை மிகுந்த தண்ணீர் சீலைச் சுற்றித் தேங்கி நிற்கும். மாத்திரையை மிதவையிலோ, பம்புக்கும் ஃபில்டருக்கும் பின்னால் வைக்கும் குளோரினேட்டரிலோ போடுங்கள்.

முகம் ஒரு பக்கம் மட்டும் ஆழமாகத் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட் ஆடுகிறது. அப்போது வேலை சீலோடு முடியாது, பேரிங் பக்கம் போக வேண்டும்.

மாற்றும் முறை இது. மின்சாரத்தைத் துண்டித்து, சுவிட்சில் "வேலை நடக்கிறது, போடாதே" என்று எழுதித் தொங்கவிடுங்கள். டைமர் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். சக்‌ஷன், டெலிவரி இரண்டு பக்க பால் வால்வுகளையும் மூடுங்கள். ஃபில்டரின் ஏர் வால்வைத் திறந்து அழுத்தத்தை விடுங்கள். வடிகால் பிளக்கைத் திறந்து, தண்ணீர் நின்றுவிடுகிறதா என்று பொறுத்துப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் சக்‌ஷன் வால்வு சரியாக மூடவில்லை. அந்த நிலையில் பம்பைப் பிரித்தால் குளத்துத் தண்ணீர் முழுதும் பம்ப் ரூமுக்குத்தான் வரும். முதலில் வால்வை மாற்ற வழி பாருங்கள்.

பைப்பை வெட்ட வேண்டியதில்லை. சுற்றியுள்ள போல்ட்டுகளை (பெரும்பாலும் 13 நம்பர் ஸ்பேனர்) கழற்றினால் மோட்டாரும் சீல் பிளேட்டும் இம்பெல்லரும் சேர்ந்து பின்பக்கமாக வந்துவிடும். உடல் பைப்போடு அப்படியே நிற்கும். இதைத் தெரியாமல் பைப்பை அறுத்துவிட்டு, பைப் வேலைக்குத் தனியாக பில் போடுபவர்கள் இருக்கிறார்கள்.

டிஃப்யூசரை (இம்பெல்லரை மூடியிருக்கும் பாகம்) கழற்றியதும் இம்பெல்லர். சில பம்புகளில் அது ஷாஃப்டிலேயே திரெட்டில் ஏறியிருக்கும். சிலவற்றில் சாவிக்கட்டையும் (ஷாஃப்டோடு பூட்டும் கீ) நடு போல்ட்டும். திரெட் வகையில், மோட்டாரின் பின் மூடியைத் திறந்து ஷாஃப்டின் பின்முனையைப் பிடித்துக்கொண்டு இம்பெல்லரை இடப்பக்கமாகத் திருகினால் வரும். நடுவில் ஒரு சிறிய பூட்டு ஸ்க்ரூ தெரிந்தால் அது எதிர்த் திரெட்டாக இருக்கலாம், பலம் கொடுக்கும் முன் இரண்டு திசையிலும் மெதுவாகச் சோதியுங்கள். சீலின் எந்தப் பாதி எந்தப் பக்கம் இருந்தது, எந்த முகம் எதைப் பார்த்தது என்று போனில் படம் எடுங்கள். பம்புக்குப் பம்பு இது மாறும்.

பழைய சீலைக் கடைக்குக் கையோடு கொண்டுபோய் அளவு பார்த்து வாங்குங்கள்: ஷாஃப்ட் விட்டம், செராமிக் உட்காரும் குழியின் விட்டம், ஸ்பிரிங் சுருங்காத நீளம். ஷாஃப்ட் விட்டம் மட்டும் பொருந்தினால் போதாது. உப்புநீர்க் குளோரினேட்டர் உள்ள குளம் என்றால் அதற்கு ஏற்றது என்று குறிப்பிட்ட சீலைக் கேளுங்கள். மணலும் உப்பும் உள்ள இடத்தில் சிலிக்கான் கார்பைடு முகம் கூடுதல் விலைக்குத் தகுதியானது.

பொருத்தும்போது கை சுத்தமாக இருக்க வேண்டும். முகத்தில் விரல் படக்கூடாது, கிரீஸ் படவே கூடாது. பட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். குழியில் ஒட்டியிருக்கும் பழைய ரப்பரைக் கீறல் விழாமல் சுரண்டி எடுங்கள். ரப்பர் கப்பின் வெளிப்பக்கத்தில் மட்டும் சோப்புத் தண்ணீர் தடவி, செராமிக்கின் மேல் ஓர் அட்டைத் துண்டு வைத்து, சரியான விட்டமுள்ள பி.வி.சி. பைப் துண்டால் நேராக அழுத்துங்கள். சுத்தியல் வேண்டாம். சாய்ந்து உட்கார்ந்த செராமிக் முதல் நாளே ஒழுகும். சீல் பிளேட்டின் பெரிய ஓ-ரிங்கையும் இப்போதே மாற்றிவிடுங்கள், திரும்பத் திறக்கும் வேலை மிச்சம். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கையால் ஷாஃப்டைச் சுற்றிப் பாருங்கள். உரசக் கூடாது.

மூடியைத் திறந்து கூடைப் பகுதியில் தண்ணீர் நிரப்பி, திரும்ப மூடி, வால்வுகளைத் திறந்த பிறகுதான் சுவிட்ச். "சும்மா ஒரு செகண்டு ஓட்டிப் பாக்கலாம்" என்று உலர்ந்த பம்பை ஓட்டாதீர்கள், புது சீல் அதிலேயே போய்விடலாம். முதல் சில நிமிடங்கள் லேசாக ஈரம் தெரியலாம். ஒரு மணி நேரம் கழித்தும் சொட்டினால் சரியாக உட்காரவில்லை.

திரீ பேஸ் மோட்டாரின் ஒயரைக் கழற்றி மாட்டியிருந்தால் சுழலும் திசையை உடனே பாருங்கள். திரெட்டில் ஏறும் இம்பெல்லர் எதிர்த் திசையில் சுழன்றால் தானே கழன்று முன்பக்கத்தில் போய் முட்டும். ஜெனரேட்டரில் ஓடும்போதும் ஒருமுறை பார்த்துவிடுங்கள், அங்கே பேஸ் வரிசை மாறியிருந்தால் கரண்ட் போகும் நாளில்தான் தெரியும்.

தண்ணீர் மோட்டாருக்குப் போய்விட்டதா?

மோட்டாரின் முன் மூடிக்குக் கீழே துருவின் பழுப்புக் கோடு இறங்கியிருக்கிறதா, சொட்டும் இடத்தில் வெள்ளைப் பொருக்கு தடிமனாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் பல மாதமாக ஒழுகுகிறது. பம்ப் நின்றிருக்கும்போது ஷாஃப்டைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் கைக்கு ஆட்டம் தெரியக் கூடாது. கையால் சுற்றினால் மணலில் உருள்வது போல் கரகரக்கக் கூடாது. ஓடும்போது கீச்சென்று ஒரு சத்தம் இருந்தால் பேரிங் முடிந்துவிட்டது.

பேரிங் போனதற்காக மோட்டாரை ஒதுக்க வேண்டியதில்லை. 6203, 6204 மாதிரி எண் பேரிங்கின் பக்கத்திலேயே பொறித்திருக்கும். 6203 என்றால் உள் விட்டம் 17, வெளி விட்டம் 40, அகலம் 12 மி.மீ. 6204 என்றால் 20, 47, 14. எந்த பேரிங் கடையிலும் கிடைக்கும். இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள், ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் வகை ஈரமான பம்ப் ரூமுக்கு நல்லது. ஷாஃப்டில் ஏற்றும்போது உள் வளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். வெளி வளையத்தில் தட்டினால் குண்டுகள் பதிந்து, புது பேரிங்கே சத்தம் போடும். சீல் உட்காரும் இடத்தில் ஷாஃப்டை நகத்தால் வருடிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் லேத் பட்டறை வேலை. டயல் கேஜில் 0.05 மி.மீ.-க்கு மேல் ஆட்டம் காட்டினால் அந்த ஷாஃப்டில் எந்த சீலும் நிலைக்காது.

அடுத்தது காயில், மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பி. கேபிளையும், சிங்கிள் பேஸ் என்றால் கெப்பாசிட்டரையும், டிரைவ் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவி) இருந்தால் அதையும் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெகரால் (இன்சுலேஷனை அளக்கும் மீட்டர்) காயிலுக்கும் உடலுக்கும் இடையே அளக்கச் சொல்லுங்கள். நல்ல மோட்டார் பத்து, நூறு மெகாஓம் கணக்கில் காட்டும். 1 மெகாஓமுக்குக் கீழே என்றால் ஓட்டவே கூடாது. ஈரம் மட்டுமே காரணம் என்றால் பிரித்து, மிதமான சூட்டில் நன்றாக உலர்த்தினால் அளவு ஏறும். உலர்த்தியும் ஏறவில்லை என்றால் காயில் கட்ட வேண்டும். ஓடும்போது கிளாம்ப் மீட்டரில் கரண்டைப் பார்த்து நேம் பிளேட்டோடு ஒப்பிடுங்கள். திரீ பேஸில் மூன்று ஒயருக்கும் இடையே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால், முதலில் வரும் வோல்டேஜையும் பிறகு காயிலையும் சந்தேகியுங்கள்.

இதில் ஒரு விஷயத்துக்கு விட்டுக்கொடுக்கவே கூடாது. ஒழுகும் பம்ப் ஓடும்போது 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) டிரிப் ஆனால், "மழை ஈரம் சார்" என்று சொல்லி அதைத் தாண்டி நேர் லைன் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பம்ப் தொட்டுக்கொண்டிருக்கும் தண்ணீரில்தான் குழந்தைகள் குளிக்கிறார்கள். டிரிப் ஆகும் பம்பை நிறுத்துங்கள், குளத்தை மூடுங்கள், எர்த்திங்கைச் சோதியுங்கள். மற்ற எல்லாக் கணக்கும் அதற்குப் பிறகுதான்.

எப்போது மாற்றுவது நியாயம்

உடலில் விரிசல் விட்டிருந்தால். பம்பின் உடல் பெரும்பாலும் கண்ணாடி இழை கலந்த பாலிபுரொப்பிலின். பி.வி.சி. சால்வென்ட் அதில் பிடிக்கவே பிடிக்காது. எபாக்ஸியும் எம்-சீலும் அடுத்த பார்ட் வரும்வரை தாங்கினால் பெரிது. உடல் மட்டும் ஸ்பேராகக் கிடைத்து, மோட்டார் நன்றாக இருந்தால் உடலை மாற்றலாம். ஆனால் விலை கேட்டால் பல நேரம் புது பம்பே மேல் என்று தோன்றும். எதனால் விரிசல் விட்டது என்பதையும் பாருங்கள்: தாங்கல் இல்லாத பைப்பின் எடை பம்பின் வாயில் தொங்கிக்கொண்டிருந்தால் புது உடலும் அதே இடத்தில் விரிசல் விடும்.

சீல், இரண்டு பேரிங், காயில், லேத் வேலை எல்லாம் சேர்ந்து வந்தால். என் கணக்கு இது: பம்புக்கு எட்டு வயது தாண்டி, ரிப்பேர் செலவு புதியதில் பாதியைத் தொட்டால் மாற்றிவிடுவேன். மூன்று, நான்கு வயதுப் பம்புக்குக் காயில் கட்டுவதுகூட நியாயம், நல்ல பட்டறையாக இருந்தால். அதே கம்பி கேஜ், அதே சுற்று எண்ணிக்கை போட வேண்டும். பழைய காயிலை எரித்து எடுத்து ஸ்டாம்பிங்கை (காயிலைத் தாங்கும் இரும்புத் தகடுகள்) கெடுக்கும் பட்டறையில் கொடுத்தால் மோட்டார் ஓடும், சூடாகவே ஓடும். வாரன்டி காலத்தில் இருக்கும் பம்பை நீங்களே திறக்காதீர்கள்.

மூன்றாவது காரணத்தை யாரும் பேசுவதில்லை: பம்பின் அளவே தவறாக இருந்தால். 10 மீட்டருக்கு 5 மீட்டர், சராசரி ஆழம் 1.2 மீட்டர் என்றால் 60 கன மீட்டர். 6 மணி நேரத்தில் ஒரு சுற்று வர வேண்டும் என்றால் மணிக்கு 10 கன மீட்டர் போதும். 12 மீட்டர் ஹெட்டில் (பம்ப் தர வேண்டிய அழுத்தம், நீரின் உயரமாகச் சொல்வது) அதைக் கொடுக்க 1 எச்.பி. தாராளம். இந்தக் குளத்தில் 2 எச்.பி. பம்ப் மணிக்கு 22 கன மீட்டர் தள்ளிக்கொண்டிருந்தால், 600 மி.மீ. மணல் ஃபில்டரில் ஒரு சதுர மீட்டர் மணலுக்கு மணிக்கு 78 கன மீட்டர் பாய்கிறது. மணல் ஃபில்டர்கள் வழக்கமாக 50-க்குள் ஓட வேண்டியவை. அழுக்கு பிடிபடாமல் மணலைத் துளைத்துக்கொண்டு போகும், தண்ணீர் கலங்கலாகவே இருக்கும், மேலும் மேலும் கெமிக்கல் கொட்டுவார்கள். அப்படிப்பட்ட பம்ப் சீல் ஒழுகி நின்றால், சரியான அளவுக்கு மாற அதுவே நல்ல நேரம்.

மின்சாரத்தையும் சேர்த்துப் பாருங்கள். 1.5 கிலோவாட் இழுக்கும் பம்ப் தினம் 8 மணி நேரம் ஓடினால் 12 யூனிட், வருடத்துக்கு 4,380 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 35,040 ரூபாய். பம்பின் விலைக்கு இணையான தொகை வருடா வருடம் போகிறது. வேகத்தைப் பாதியாக்கினால் நீரோட்டம் பாதியாகும், தேவைப்படும் சக்தி ஏட்டுக் கணக்கில் எட்டில் ஒன்றாகும். இரட்டிப்பு நேரம் ஓட்டினாலும் நாலில் ஒரு பங்கு மின்சாரம்தான். நடைமுறையில் மோட்டார், டிரைவ் இழப்புகளால் இவ்வளவு கிடைக்காது, ஆனாலும் மிச்சம் கணிசமானது. அமெரிக்காவில் 2021 ஜூலையில் நடைமுறைக்கு வந்த எரிசக்தி விதியால், தரைக்குள் கட்டிய குளங்களுக்கான ஃபில்டர் பம்புகளில் பெரும்பாலானவை வேகம் மாற்றும் வகைக்குப் போய்விட்டன. அங்கிருந்து வரும் யூடியூப் வீடியோக்கள் "பழையதை விடு, புதுசு வாங்கு" என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம். உங்களிடம் நல்ல நிலையில் உள்ள திரீ பேஸ் மோட்டார் இருந்தால், சீலை மாற்றிவிட்டு அதற்கே ஒரு டிரைவ் போடும் வழியும் உண்டு. ஷாஃப்டிலேயே இருக்கும் விசிறி மெதுவாகச் சுழலும்போது மோட்டார் சூடாகும் என்பதால் 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகாதீர்கள். பேக்வாஷுக்கு முழு வேகம் வேண்டும்.

புதியது வாங்குவதாக முடிவானால்

எச்.பி.யை மட்டும் சொல்லி ஆர்டர் கொடுக்காதீர்கள். எந்த ஹெட்டில் மணிக்கு எத்தனை கன மீட்டர் என்ற வரைபடத்தைக் கேளுங்கள். நேம் பிளேட்டில் 50 ஹெர்ட்ஸ் இருக்க வேண்டும். 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த பம்ப் இங்கே ஓடினால் நீரோட்டம் ஆறில் ஐந்தாகவும் ஹெட் ஏறத்தாழ 70 சதவீதமாகவும் இறங்கிவிடும், மோட்டாருக்கும் நல்லதல்ல. சக்‌ஷன் மையம் தரையிலிருந்து எத்தனை உயரம், டெலிவரி வாய் எங்கே என்று பழைய பம்பில் அளந்து ஒப்பிடுங்கள். பைப்பின் வெளி விட்டத்தை வெர்னியரில் பாருங்கள்: 60.3 மி.மீ. என்றால் 2 இன்ச், 63 என்றால் மெட்ரிக். ஒன்றுக்கான யூனியன் மற்றதில் உட்காராது. இரண்டையும் "ரெண்டு இன்ச்" என்றே கடையில் சொல்வதால் அரைநாள் வேலை அங்கே கெடும்.

ஸ்டார்ட்டரின் ஓவர்லோட் ரிலேயைப் புது மோட்டாரின் ஆம்பியருக்கு மாற்றி வையுங்கள். 2 எச்.பி.க்கு வைத்த அளவில் 1 எச்.பி. மோட்டாரை விட்டால் அது கருகும்வரை ரிலே விழாது. பைப்புக்குத் தனியாகத் தாங்கல் கொடுங்கள். பம்ப் ரூமில் ஹைட்ரோகுளோரிக் அமிலக் கேனும் குளோரினும் இருந்தால் இரண்டையும் வெளியே, ஒன்றுக்கொன்று தள்ளி வையுங்கள். ஆவி மோட்டாரின் டெர்மினலையும் பேரிங் மூடியையும் அரிக்கும். அவை இரண்டும் கலந்தால் வரும் வாயு ஆளையே சாய்த்துவிடும். பம்ப் வாங்கும் அன்றே அந்த மாடலுக்கான மெக்கானிக்கல் சீல் ஒன்றும் முழு ஓ-ரிங் செட்டும் சேர்த்து வாங்கி, மாடல் எண்ணை மேலே எழுதி, செக்யூரிட்டி ரூமில் உலர்ந்த இடத்தில் வைத்துவிடுங்கள்.